மூன்றாம் ஓலை

இரண்டாம் மணி அடித்து நின்ற பிறகும் அது என் பல்லில் அடித்துக்கொண்டிருக்கிறது. வயதானால் மணியோசை காதை விட்டுப் பல்லுக்கு இறங்கிவிடும் போல. மேல்வரிசையில் கட்டிய இரண்டு பல் மட்டும் மௌனமாக இருக்கின்றன, அவை வேறு சபையைச் சேர்ந்தவை. சிரிப்பு வருகிறது. சிரிக்கக் கூடாது, இன்று என்னை எல்லாரும் பார்ப்பார்கள், ஏற்கெனவே பார்க்கிறார்கள், பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் தூணை ஒட்டி ஒரு கிழவி செங்கல் சிவப்பில் சேலை கட்டி உட்கார்ந்திருந்தால் யார்தான் பார்க்கமாட்டார்கள். ரூபவதி படித்துப் படித்துச் சொன்னாள், என் தம்பி பெண்டாட்டி, நேற்று சாயங்காலம் வாசல்படியில் நின்றுகொண்டே சொன்னாள், "ஓலை வாசிக்க அன்னைக்குப் பொண்ணு கோயிலுக்குப் போவக் கூடாது மைனி, தன் பேரைத் தானே கேக்கப்பிடாது." பொண்ணா, எனக்கு அறுபத்தொன்பது என்றேன். "இருந்துட்டுப் போட்டும், ஓலையில பேரு வந்துட்டா பொண்ணுதான்." முதல் ஓலைக்கும் இரண்டாம் ஓலைக்கும் அவள் சொன்னபடியே அடங்கி வீட்டில் இருந்தேன், சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டு, கண்ணீருக்கு ஒரு காரணம் கையில் இருக்கட்டும் என்று. இன்று மூன்றாம் ஓலை. மூன்றாம் ஓலைக்கு வீட்டில் இருப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை இருந்தது போதும்.

பேர்தான் ஓலை, இப்போது அது கம்ப்யூட்டரில் அடித்த தாள். கல்யாணம் செய்துகொள்ளப்போகிற இருவர் பேரையும் அடுத்தடுத்து மூன்று ஞாயிறு சபையில் வாசிப்பார்கள், வாசித்துவிட்டுக் கேட்பார்கள், இவர்கள் சேருவதற்கு ஏதாவது தடை உங்களில் யாருக்காவது தெரியுமா, தெரிந்தால் சொல்லுங்கள். யாரும் சொல்லமாட்டார்கள். அந்தக் கேள்வி வரும்போது ஜனங்கள் கைக்குட்டையை மடிப்பார்கள், பாட்டுப் புத்தகத்தில் அடுத்த பக்கத்தைத் தேடுவார்கள், பிள்ளையின் மூக்கைத் துடைப்பார்கள். காணிக்கைத் தட்டு வருகிற மாதிரி ஒரு கேள்வி அது, வரும், போகும். இந்தக் கோயிலின் இத்தனை வருஷத்தில் ஒரே ஒருத்திதான் அதைக் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொன்னாள். அவள் இதோ, எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால், முதல் வரிசையில், வெள்ளைக் கொண்டையும் நிமிர்ந்த முதுகுமாக உட்கார்ந்திருக்கிறாள். திரிபேனாள் அத்தை. அப்பாவின் உடன்பிறந்தவள். தொண்ணூறு தாண்டிவிட்டது, முதுகு மட்டும் தாண்டவில்லை. இந்தச் சபையில் ஜெபப் புத்தகத்தைப் பார்க்கிறவர்கள் குறைவு, எல்லாரும் பார்ப்பது அத்தையின் முதுகைத்தான். அவள் எழுந்தால் எழுவோம், முழங்காலிட்டால் முழங்காலிடுவோம். போன வருஷம் பேராயர் வந்திருந்தபோது அவர் இரண்டு கையையும் தூக்கித் தூக்கிக் காட்டினார், ஒருவரும் அசையவில்லை, அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுந்த பிறகுதான் கோயில் எழுந்தது. அவர் சிரித்துவிட்டார். நல்ல மனிதர். அந்த முதல் பெஞ்சு பழைய தேக்கு, யார் எழுந்தாலும் ஒரு சத்தம் போடும், கிரீச் என்று ஆரம்பித்து ம் என்று முடியும், யாரோ யோசித்துவிட்டுச் சம்மதிக்கிற மாதிரி. அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமில்லை என்று சொல்லவே முடியாது. ஞாயிறுக்கு ஞாயிறு கேட்கிறேன். கேட்கும்போதெல்லாம் பாட்டுப் புத்தகத்தை இறுக்கிப் பிடிக்கிறேன்.

"ஏட்டி," என்கிறாள் பக்கத்தில் வயலட், உதட்டை அசைக்காமல், கல்லூரி விடுதியில் கற்றுக்கொண்ட வித்தை, "சிவப்பா? துணிஞ்சிட்ட போல." செங்கல் நிறம் என்கிறேன். "செங்கல் எப்பட்டி சிவப்பில்லாமப் போச்சு? மாப்பிள்ளை அங்க கொயர்ல இருந்து பாத்த பார்வையில அவரு பாட்டுப் புத்தகமே தலைகீழா இருக்கு." இல்லை, நேராகத்தான் இருக்கிறது, நான் பார்த்துவிட்டேன், அவள் சொன்னதும் பார்த்துவிட்டேன், இதற்காகத்தான் சொன்னாள் கள்ளி. ஏனோக்கு பாடகர் குழுவின் கடைசி வரிசையில் பேஸ் பாடுகிற கட்டைக்குரல்காரர்களோடு உட்கார்ந்திருக்கிறார், புதுச் சட்டை, அதில் மடிப்பு இன்னும் கடையின் மடிப்பாகவே இருக்கிறது, தேய்க்காமல் போட்டிருக்கிறார். மனைவி இல்லாத வீட்டில் புதுச் சட்டை நேராகப் பெட்டியிலிருந்து உடம்புக்கு வருகிறது. என் வீட்டில் எல்லாம் தேய்த்துத்தான் இருக்கிறது, எனக்குத் தேய்க்க நிறைய நேரம் இருந்தது.

பாவ அறிக்கை ஆரம்பித்துவிட்டது, முழங்காலிடுகிறோம், அத்தையின் முதுகு இறங்குகிறது, பின்னால் அலை மாதிரி எல்லாரும் இறங்குகிறார்கள். எல்லாரும் சேர்ந்து சொல்லும்போது பாவம் எவ்வளவு இலகுவாக இருக்கிறது, செய்யத் தகாததைச் செய்தோம் என்று வங்கி மேலாளரும் மீன்காரம்மாவும் ஒரே ராகத்தில் சொல்கிறார்கள், யாருக்கும் முகம் சிவக்கவில்லை, ஒரு குழந்தை கொட்டாவி விடுகிறது. பேரைச் சொன்னால்தான் சிவக்கும். ஒருத்தி பேரை மட்டும் சொன்னால். முப்பது வருஷம் நான் கல்லூரியில் ஆங்கில நாவல் ஒன்றில் இதைத்தானே பாடம் நடத்தினேன், கடல் தாண்டிப் போய்க் குடியேறிய கண்டிப்பான பக்தர்களின் ஊரில் ஒரு பெண்ணை மேடையேற்றி நிறுத்துவார்கள், நெஞ்சில் அவள் பாவத்துக்கு அடையாளமாகச் சிவப்புத் துணியில் ஒரு எழுத்து, கையில் தகப்பன் பேர் சொல்லாத ஒரு பிள்ளை, ஊர் முழுக்கப் பார்க்க. அந்த நாவலில் பாவமும் பகிரங்க அவமானமும் எவ்விதம் குறியீடாகின்றன, விவரிக்க, பதினைந்து மதிப்பெண். விவரிப்பார்கள். எழுத்து முதலில் பாவத்தின் குறியீடு, பிறகு உழைப்பின் குறியீடு, பிறகு இரக்கத்தின் குறியீடு, மேடை சமூகத்தின் குறியீடு, காடு விடுதலையின் குறியீடு, ஒரு மழைக்காலத்தில் எல்லா விடைத்தாளிலும் மழைகூட ஏதோ ஒன்றின் குறியீடாக இருந்தது. அமுதவல்லி என்று ஒரு பெண், காலையில் பூக்கட்டிக் கொடுத்துவிட்டுக் கல்லூரிக்கு வருவாள், அவள்தான் எழுந்து கேட்டாள், "மிஸ், அவ எல்லாருக்கும் துணியில பூவேலை செஞ்சு கொடுக்கா, பிறந்த பிள்ளைக்குச் செய்யுதா, செத்தவங்க போர்வைக்குச் செய்யுதா, கல்யாணப் பொண்ணுக்கு மட்டும் யாரும் செய்யச் சொல்லலையே, ஏன் மிஸ்?" நல்ல கேள்வி, யோசித்து வாருங்கள் என்றேன். பதில் தெரியாதபோது ஆசிரியர்கள் சொல்வது அது. எனக்குப் பதில் தெரிந்திருந்தபோதும் சொன்னேன்.

ஏனோக்கிடம் இந்தக் கதையைச் சொன்னேன், போன கிறிஸ்துமஸ் பாடல் ஒத்திகையின்போது, தேநீர் இடைவேளையில். ரெயில்வேயில் கார்டாக இருந்தவர், திண்டுக்கல் பக்கம், ஓய்வுபெற்று மகளோடு இங்கே வந்தார், வந்த இடத்தில் மகளுக்கு மாற்றலாகி அவள் போய்விட்டாள், இவர் தங்கிவிட்டார். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார், "எங்க வேலையில சிவப்புக்கு ஒரே அர்த்தம்தாங்க டீச்சர். நில்லு." நான் டீச்சர் இல்லை, பேராசிரியை என்றேன். "சரிங்க டீச்சர்." நான் முப்பது வருஷம் சிவப்புக்கு ஆறு அர்த்தம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்றேன். பிஸ்கட்டைத் தேநீரில் முக்கினவர் அப்படியே நிறுத்திவிட்டார். "ஆறா? ஆறு அர்த்தம் இருந்தா வண்டி எப்படிங்க ஓடும்?" பிஸ்கட் உடைந்து உள்ளே விழுந்தது. நான் அவ்வளவு சத்தமாகச் சிரித்து நானே பல காலம் கேட்டதில்லை. அதன்பிறகு ஒருநாள், ஒத்திகை முடிந்து செருப்பு மாட்டும்போது, "டீச்சர், நாகர்கோவில் போற கடைசி வண்டி, அந்தச் சத்தம் உங்க வீட்டுக்குக் கேக்குமா?" கேட்கும் என்றேன். "நானும் அதைக் கேட்டுட்டுத்தான் படுக்கிறேன்." சரி என்றேன். குனிந்து செருப்பு வாரை இழுத்துக்கொண்டே, முகத்தைக் காட்டாமல், "ஒரே வண்டியை ரெண்டு வீட்டுல ரெண்டு பேரு தனித்தனியா எதுக்குக் கேக்கணும்?" என்றார். யோசித்து வாருங்கள் என்று சொல்ல வாய் வந்தது, நல்லவேளை சொல்லவில்லை.

எழுந்து உட்கார்கிறோம். முழங்கால் எரிகிறது. முதல் பாடம் வாசிக்கிறார்கள், வாசிப்பது ஒரு மருத்துவர், மருந்துச் சீட்டு எழுதுகிற வேகத்தில் வாசிக்கிறார், ஆபிரகாம் எங்கேயோ போய்க்கொண்டே இருக்கிறான். இன்று வாசலில் அத்தை என் கையைப் பிடித்தாள். கோயில் வாசலில், செருப்பு விடுகிற இடத்தில். அவள் கை காய்ந்த வாழைச்சருகு மாதிரி, பிடி மட்டும் இரும்பு. சேலையைப் பார்த்தாள், தலைப்பிலிருந்து கொசுவம் வரைக்கும் பார்த்தாள். "சிவப்பு கெட்டியிருக்க," என்றாள். ஆமாம் அத்தை. கையை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். ஏன் பிடித்தாள், பிடித்தவள் ஏன் விட்டாள். அவளுக்கு இன்னும் ஏதாவது தெரியுமா. தெரிய என்ன இருக்கிறது, என் வாழ்க்கையில் தெரிவதற்கு ஒன்றுமே இல்லை, விடைத்தாள், துவைத்த துணி, ஒரு பூனை, அதுவும் செத்துவிட்டது. ஆனால் அன்றைக்கும் தெரிய ஒன்றும் இல்லை. அன்றைக்கும் எழுந்தாள்.

அந்தப் படம். கடைசி வருஷம், கல்லூரி விழாவுக்கு எங்கள் துறையில் அந்த நாவலைத்தான் நாடகம் போட்டோம். நான் அந்தப் பெண். வயலட் நீதிபதி, பஞ்சுத் தாடி, ஒவ்வொரு தீர்ப்புக்கும் கொஞ்சம் உதிர்ந்தது. என் நெஞ்சில் இருந்த எழுத்து வயலட்டின் சிவப்பு உள்பாவாடையிலிருந்து வெட்டினது, ஓரத்துக்கு ஜரிகை நூல் நானே கட்டினேன், இத்தனை அழகா வேண்டாம்ட்டி, அது பாவம்லா என்றாள் வயலட். கவுன் தைக்க நேரமில்லை, விடுதி வெள்ளைச் சேலையிலேயே நடித்தேன். மேடையில் கையில் பொம்மை. முடிந்த பிறகு ஞாபகத்துக்கு ஒரு படம் எடுக்கலாம் என்று பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனோம், அந்த மனிதர் பொம்மையைப் பார்த்துவிட்டு, "செத்த மாதிரி இருக்கு தங்கச்சி" என்று உள்ளே போய்த் தன் சொந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து என் கையில் வைத்தார். சூடான பிள்ளை. பால் வாசம், கொஞ்சம் வசம்பு வாசம். அதன் தலை சரியாக என் நெஞ்சில் சாய்ந்தது, எழுத்தின் மேலேயே சாய்ந்தது. விளக்கு அணைவதற்குள் மடியில் நனைத்துவிட்டது, அந்தச் சூடு இப்போதும், இதோ, ஆபிரகாம் போய்க்கொண்டிருக்கும்போது, தொடையில் இருக்கிறது. படம் நன்றாக வந்துவிட்டது. அதுதான் வினை. நன்றாக வந்ததால் அவர் பெரிதாகப் போட்டுச் சட்டமிட்டுக் கடையின் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டார், வெள்ளைச் சேலையில் ஒரு இளம்பெண், கையில் கைப்பிள்ளை, முகத்தில் நாங்கள் ஒரு மாதம் ஒத்திகை பார்த்த சோகம். எழுத்து தெரியவில்லை. பிள்ளையின் தலை அதை மறைத்துவிட்டது. எழுத்து தெரிந்திருந்தால் நாடகம் என்று தெரிந்திருக்கும். முப்பது வருஷம் அந்த எழுத்துக்கு அர்த்தம் சொன்னேன், மறைந்துபோனதால்தான் அது எனக்கு அர்த்தமாயிற்று என்று ஒரு வகுப்பிலும் சொல்லவில்லை.

எனக்குச் சாயர்புரத்தில் சம்பந்தம் முடிந்திருந்தது. இரண்டு ஓலை ஆயிற்று. மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள் அத்தை பஸ் மாற இறங்கினாள், கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தாள், பஸ்ஸை விட்டாள், அடுத்த பஸ்ஸையும் விட்டாள். யாரிடமும் சொல்லவில்லை, அப்பாவிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்கவில்லை. மறுநாள் கோயிலில் கேட்டார்கள். எழுந்து சொன்னாள், "அந்தப் பிள்ளைக்கு ஒரு பிள்ளை இருக்கு ஐயா, நான் படத்தைப் பாத்தேன்." நான் அங்கே இல்லை. பொண்ணு கோயிலுக்குப் போகக் கூடாது. நான் வீட்டு முன்வாசலில் வடகத்துக்குக் காக்கை விரட்டிக்கொண்டிருந்தேன். ஆராதனை முடிவதற்கு முன்னாலேயே அப்பா தெருவில் வந்தார், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார், கோயில் வாசலில் காலில் போட மறந்துவிட்டார், வெயில் கொளுத்துகிறது, தார் ரோட்டில் வெறுங்கால். அப்பா, செருப்பு என்றேன். செருப்பைப் பார்த்தார். அது என்னவென்று தெரியாதவர் மாதிரி பார்த்தார். எனக்கு நடந்ததை நான் பார்க்கவில்லை, அதனால் அதை நானே செய்துகொள்ள வேண்டியிருந்தது, அத்தை எழுவதை, பெஞ்சு கிரீச்சிடுவதை, தலைகள் திரும்புவதை, ஒவ்வொரு ஞாயிறும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து, இப்போது அது நடந்ததைவிடப் பெரிதாக இருக்கும்.

சிரிக்கவும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். செய்தி கேட்டு ஸ்டூடியோக்காரர் மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் நடுவீட்டில் நிறுத்தி, "இது எம் பிள்ளை சார், மூக்கைப் பாருங்க" என்று தன் மூக்கையும் பிள்ளை மூக்கையும் மாறி மாறித் தொட்டுக் காட்டினார். பிள்ளைக்குப் பாவம் பெரிய மூக்கு. வயலட் சாட்சிக்குப் பஞ்சுத் தாடியைக் கொண்டுவந்தாள். எல்லாரும் நம்பினார்கள். மாப்பிள்ளையின் மாமாவும் நம்பினார், நம்பிவிட்டு, "பிள்ளை இல்லைன்னு ஆச்சு, பிள்ளைப் பேச்சு இருக்குல்லா" என்று சொல்லிவிட்டு மோர் குடித்துவிட்டுப் போனார். அதன்பிறகு வந்த ஒவ்வொரு பேச்சும் அந்த ஸ்டூடியோப் பொண்ணா என்ற இடத்தில் நின்றது. சிவப்பு காட்டினால் நில்லு. ஏனோக்கு சொன்னது சரிதான். தடை இருக்கிறது என்பது கோயிலில், பட்டப்பகலில், எல்லார் முன்பாகவும் சொல்லப்பட்டது. தடை இல்லை என்பது சமையல்கட்டுகளில் சொல்லப்பட்டது, தாளிக்கிற சத்தத்துக்கு நடுவில், ஒருத்தி காதில் ஒருத்தியாக. ஒருவரும் எழுந்து நின்று சொல்லவில்லை. மேடை ஏற்றுவதற்கு இருந்த மேடை இறக்குவதற்கு இல்லை. அத்தை அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு ஒரு தகர டின் நிறைய முந்திரிக்கொத்து கொண்டுவந்து அடுக்களை மேடையில் வைத்துவிட்டு, டின்னை அப்புறம் வாங்கிக்கிடுதேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். ஒவ்வொரு வருஷமும் வருகிறது. நான் டின்னைக் கழுவித் திருப்பிக் கொடுக்கிறேன். நல்ல முந்திரிக்கொத்து, பல்லுக்குத்தான் இப்போது கடினம். நான் கேட்டதில்லை, அவள் சொன்னதில்லை. அவளை வெறுக்கப் பல தடவை உட்கார்ந்து முயன்றேன். கேட்டார்கள், சொன்னாள். இந்தக் கோயிலில் கேள்வியைக் கேள்வியாக நம்பின ஒரே ஆளை எப்படி வெறுப்பது.

ஆனால் பயப்படலாம். இரண்டாம் பாடம் முடிந்துவிட்டது. ஜெபசிங் ஐயா அறிவிப்புத் தாளை எடுக்கிறார், இளம் குருவானவர், வந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை, அவருக்குப் பழைய கதை தெரியாது, தெரிந்தால் அவர் குரல் இப்படி நிதானமாக வராது. பெண்கள் ஐக்கியக் கூட்டம் செவ்வாய்க்கிழமை. கூரையில் வௌவால் எச்சத்தைச் சுத்தம் செய்ய ஆள் வருகிறது. பாடகர் குழுவில் சேர விரும்புகிறவர்கள். என் உள்ளங்கை நனைகிறது, சேலையில் துடைக்கிறேன், சிவப்பு இன்னும் கொஞ்சம் சிவக்கிறது. சேலையை மாற்றிக் கட்டியிருக்கலாம், வெங்காயம் உரித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்திருக்கலாம், யாராவது செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரும்வரை. அப்பா இல்லை. வருவதற்கு ஆள் இல்லை. அதனால்தான் நானே வந்திருக்கிறேன், என் செய்தியை நானே கொண்டுபோக. வயலட் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொள்கிறாள், பார்க்காமல், முன்னால் பார்த்தபடியே.

"திண்டுக்கல், காலஞ்சென்ற யாக்கோபு அவர்கள் குமாரன், மனைவியை இழந்தவராகிய ஏனோக்கு. இந்தச் சபையைச் சேர்ந்த, காலஞ்சென்ற பொன்னுத்துரை அவர்கள் குமாரத்தி, கன்னிகையாகிய கெத்சியாள்." கன்னிகை என்றதும் பின்னால் எங்கோ ஒரு சின்னச் சிரிப்பு ஓடி, ஒரு உஷ்ஷில் முட்டி நின்றது. சிரிக்கட்டும், எனக்கும் சிரிப்புதான், அப்பா பேர் எவ்வளவு நாள் கழித்து இந்தச் சுவரில் மோதுகிறது. "இவர்கள் இருவரும் பரிசுத்த விவாகத்தில் இணைவதற்குத் தடை உண்டென்று உங்களில் எவருக்காவது தெரிந்தால் இப்போதே சொல்லலாம். இது மூன்றாம் ஓலை." மின்விசிறி. ஜன்னலுக்கு வெளியே கல்லறைத் தோட்டத்தில் ஒரு கிளி. கைக்குட்டைகள் மடிகின்றன. அவ்வளவுதான், முடிந்தது, இப்போது அவர் தாளை மடிப்பார், மடிக்கப்போகிறார், மடி ஐயா, சீக்கிரம் மடி.

கிரீச். ம்.

முதலில் ஒரு கை பெஞ்சின் விளிம்பில், பிறகு வெள்ளைக் கொண்டை, பிறகு அந்த முதுகு, மெதுவாக, ஒரு கதவு திறப்பது மாதிரி. அத்தை எழுந்துவிட்டாள். நான் செய்து செய்து வைத்திருந்த அதே எழுந்திருத்தல், ஒரு மாற்றமும் இல்லை, எனக்கு ஆச்சரியமாகக்கூட இருந்தது, நான் பார்க்காததை இவ்வளவு சரியாகச் செய்துவைத்திருக்கிறேனே என்று. பிறகு பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது, அது என்ன என்று எனக்கு முதலில் புரியவில்லை. மழை மாதிரி. மரம் முறிகிற மாதிரி. பெஞ்சுகள். கோயிலில் இருக்கிற எல்லாப் பெஞ்சும். அறிவிப்பு முடிந்தால் எல்லாரும் எழுந்து நின்று சொல்கிற விசுவாசப்பிரமாணம், அத்தை எழுந்தால் பிரமாணம், இந்த ஜனங்களுக்கு வேறு கணக்குத் தெரியாது. பெண்கள் பக்கம், ஆண்கள் பக்கம், மாடியில் வாலிபர்கள், இடுப்பில் பிள்ளையோடு தாய்மார்கள், அத்தனை பேரும் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, வாயைத் திறக்கத் தயாராக நிற்கிறார்கள். ஜெபசிங் ஐயா கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாருக்குமா தடை?" என்றார். நிஜமாகவே கேட்டார். பிறகு அவர் பார்வை மூன்றாவது பெஞ்சுக்கு வந்து, தூணுக்கு வந்து, என்மேல் வந்து நின்றது. "கெத்சியாளம்மா. நீங்களுமா?"

குனிந்து பார்த்தேன். நான் நின்றுகொண்டிருந்தேன். என் முழங்கால் என்னைக் கேட்காமல் எழுந்திருக்கிறது, அறுபது வருஷப் பழக்கம், அத்தை எழுந்தால் எழு. வயலட் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்குகிறாள். ஆண்கள் பக்கத்திலிருந்து யாரோ, "இல்ல ஐயா, பிரமாணம்னு எந்திச்சோம்!" என்று கத்த, சிரிப்பு மாடியில் ஆரம்பித்துப் படியிறங்கி வந்தது, பெரிய சிரிப்பு, கூரையில் வௌவால்கள் கலைந்தன. அந்தச் சிரிப்புக்கு நடுவில் பார்க்கிறேன், கோயில் முழுவதிலும் ஒரே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, கடை மடிப்புச் சட்டையில், நிற்கிற பாடகர்களின் இடுப்புகளுக்கு நடுவே. சிக்னல் விழாமல் அசையாத மனிதர். அவருக்குத் தடை எதுவும் தெரியவில்லை, அதனால் எழவில்லை.

"இருங்க எல்லாரும்," என்றாள் அத்தை, திரும்பி நின்று. "பிரமாணம் இல்ல. நான் ஒருத்திதான் எந்திச்சேன்." பெஞ்சுகள் எல்லாம் மறுபடி முனகின. நானும் உட்கார்ந்தேன், உட்கார்ந்தேனா விழுந்தேனா. சிரிப்பு போன இடம் தெரியவில்லை. குருவானவர் குரல் சின்னதாகிவிட்டது. "அம்மா, உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"கேட்டீயள்லா, அதான் சொல்லுதேன். முன்னால இந்தப் பிள்ளைக்கு இதே கோயில்ல மூணாம் ஓலை வாசிச்சாக. அப்பவும் நான்தான் எந்திச்சேன். கையில பிள்ளையோட படம் பாத்தேன்னு சொன்னேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், விரல் வெளுத்திருந்தது. "அது நாடகப் படம். பிள்ளை ஸ்டூடியோக்காரன் பிள்ளை. நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. தப்புன்னு தெரிஞ்ச பெறவும் இங்க வந்து சொல்லல. எந்திக்கதுக்கு மூணாம் ஓலை வரணும்லா, எங்க வந்துது?" ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள், குரலை உயர்த்தினாள், "அன்னைக்குக் கேட்டவுக பாதிப் பேரு அந்தா வெளிய கெடக்காக, அவுகளுக்கும் கேக்கட்டும். ஒரு தடையும் கெடையாது. எழுதிக்கிடுங்க ஐயா." உட்காரப்போனவள் நினைவு வந்து நின்றாள். என்னைப் பார்த்தாள். "நல்ல சிவப்பு," என்றாள்.

ஜெபசிங் ஐயா எழுதினாரா என்று எனக்குத் தெரியவில்லை, கண் கலங்கிவிட்டது, வெங்காயமும் கையில் இல்லை. அத்தை உட்காரவே இல்லை. பீடத்தைப் பார்த்துத் திரும்பி, முதுகை நிமிர்த்தி, "இப்ப எந்திங்க," என்றாள், "இப்பதான் பிரமாணம்."

கோயில் எழுந்தது. முதல் பெஞ்சு, இரண்டாம் பெஞ்சு, பின்னால் எல்லாம், தேக்கும் பலாவும் வேம்பும், ஒவ்வொன்றும் ஒரு சத்தம், இவ்வளவு விதம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கொயரின் கடைசி வரிசையில் ஒருவர் எல்லாருக்கும் பிந்தி நிதானமாக எழுந்து, அடிவயிற்றிலிருந்து விசுவாசிக்கிறேன் என்று ஆரம்பித்தார், அது தரையில் ஓடி என் பாதத்துக்கு வந்தது. வயலட் விலாவில் இடித்தாள். "ஏட்டி, எந்தி. ஊரே நிக்கு, பொண்ணு உக்காந்திருக்கா."

"நிக்கட்டும் வயலட்," என்றேன். "நான் கொஞ்சம் கேட்டுட்டு எந்திக்கேன்."